நீர் புகாத கடிகாரம்

பூட்டிய வீட்டிற்கும் வாசல் ஒன்று வேண்டும், கைக்கடிகாரத்திற்கும் அவ்வாறே. நேரத்தைத் திருத்தவும் சாவி கொடுக்கவும் அமைந்த திருகின் துளையே நீரும் தூசியும் நுழையும் வாயிலாயிற்று.

1926ஆம் ஆண்டு ரோலக்ஸ் நிறுவனம் 'ஆய்ஸ்டர்' கடிகாரத்தை வெளியிட்டது. புட்டி மூடியைப் போல அதன் திருகைக் கூட்டின்மீது முறுக்கி இறுக்கலாம். 1927 அக்டோபரில் ஆங்கிலேய நீச்சல் வீராங்கனை மெர்சிடிஸ் கிளைட்சே அதனைக் கழுத்தில் அணிந்து ஆங்கிலக் கால்வாயில் நீந்தினார். கடுங்குளிர் அவரைக் கரைசேர விடவில்லை. 10 மணி நேரத்திற்கு மேல் போராடியபின் படகில் ஏற்றப்பட்டார். கடிகாரமோ நிற்கவில்லை. எனினும், அணிபவர் திருகை இறுக்க மறந்தால் அக்காவல் பயன்படாது.

மின்னணுக் கடிகாரம் தோன்றியதும் சாவி கொடுக்கும் தேவை நீங்கிற்று. ஹாமில்டன் நிறுவனம் 1972இல் விற்பனைக்குக் கொணர்ந்த 'பல்சர்' கடிகாரத்தில் திருகே இல்லை. பட்டையின் கொக்கியில் பொதிந்திருந்த சிறு காந்தத்தைப் பின்புறக் குழியில் வைத்தால், உள்ளிருக்கும் மின்தொடுப்பு இணைந்து நேரம் மாறும். காந்தவிசைக்குத் துளை வேண்டுவதில்லை அன்றோ! ஆயினும் பொற்கூட்டுடன் வந்த அதன் முதல் வகையின் விலை 2,100 அமெரிக்க டாலர். எளியோர்க்கு அது எட்டாக் கனியே.

1983இல் கேசியோ நிறுவனப் பொறியாளர் கிக்குவோ இபே உருவாக்கிய 'ஜி-ஷாக்' பொத்தான்களையே கொண்டது. ஆயினும் 200 மீட்டர் ஆழத்து நீரழுத்தத்தைத் தாங்குமாறு அது அமைந்தது. இத்தகைய கடிகாரங்களில் பொத்தான் தண்டைச் சுற்றிய ரப்பர் வளையமே காவலாள். நாளடைவில் ரப்பர் இறுகித் தளரும். அதனை உரிய காலத்தில் மாற்றவேண்டும். நீரை முற்றிலும் வென்றுவிட்டதாக எவரும் உரைப்பதற்கில்லை.