மிஷ்லின் வழிகாட்டி

பிரான்சின் கிளெர்மோன்-ஃபெரான் நகரில் டயர் தொழில் நடத்திய ஆந்த்ரே, எதுவார் மிஷ்லின் சகோதரர்கள் வாகன ஓட்டிகளுக்காக 1900-இல் இலவசமாக வெளியிட்ட பயணக் கையேடு இதுவாகும். பொருளை நேரடியாகப் புகழாமல், வாங்கக்கூடியவருக்குப் பயன்படும் செய்திகளை அளித்து அவரது நம்பிக்கையைப் பெறும் உள்ளடக்கச் சந்தைப்படுத்தல் என்னும் வணிகமுறையின் முன்னோடிகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது. நாட்டில் சில ஆயிரம் கார்களே ஓடிய அக்காலத்தில், டயர் மாற்றும் முறை, எரிபொருள் கிடைக்குமிடம், தங்கும் விடுதி முதலிய விவரங்களைத் தந்து மக்களை நெடும்பயணத்துக்குத் தூண்டினால், டயர்கள் விரைவில் தேய்ந்து விற்பனை பெருகும் என்பதே அவர்களின் கணக்கு; தந்திரம்தான் எனினும் ஓட்டுநருக்கு நட்டமில்லாத தந்திரம். 1920 முதல் விலைக்கு விற்கப்பட்ட இக்கையேடு, 1926-இல் சிறந்த உணவகங்களுக்கு நட்சத்திரக் குறியிடத் தொடங்கியது. மூன்று நட்சத்திரம் வரையிலான தரவரிசை 1931-இல் வந்தது.