நம் நிபந்தனையை யாரிடம் சொல்வது?

பி.காம். படிக்கிறவர்களுக்கு 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம் தப்பாது. அதன் 13-ஆம் பிரிவு சொல்வது இதுதான்: இரண்டு பேர் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் ஒப்புக்கொண்டால்தான் அது சம்மதம். அதைப் படித்த அன்று எனக்கு அம்மா ஞாபகம்தான் வந்தது. தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த அவர், ஒரு கடன் செயலி (பெயர் வேண்டாமே) ஆங்கிலத்தில் கேட்ட எல்லாவற்றுக்கும் 'ஓகே' அமுக்கினார். தவணை ஒரு வாரம் தள்ளியதும் மருங்காபுரியில் உள்ள சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போனது.

இணையத்தில் நிபந்தனை போடுவது எப்போதும் எதிர்த்தரப்புதான். நம் நிபந்தனையை நாம் சொல்ல வழியே இல்லையா? யோசித்திருக்கிறார்கள் நண்பர்களே...

2002 ஏப்ரலில் டபிள்யூ3சி அமைப்பு 'பி3பி' என்ற முறையை வெளியிட்டது. தளம் தன் தனியுரிமைக் கொள்கையைக் கணினிக்குப் புரியும் குறிகளில் எழுத வேண்டும். உலாவி அதை உங்கள் விருப்பத்தோடு ஒப்பிட்டு, குக்கீயை ஏற்கும் அல்லது தடுக்கும். அருமையான யோசனை. ஆனால் பொய்க்குறி போட்டால் கேட்க ஆளில்லை. 2010-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தினர் இப்படிக் குறி வைத்திருந்த 33,139 தளங்களைப் பார்த்ததில் 11,176 தளங்களில் குறி தப்பு! கூகுளோ அந்த இடத்தில் 'இது பி3பி கொள்கை அல்ல' என்றே எழுதி வைத்திருந்தது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் அதையும் உள்ளே விட்டது.

அடுத்து 'டூ நாட் டிராக்'. 'என்னைப் பின்தொடராதே' என்று உலாவி ஒவ்வொரு தளத்துக்கும் 1 என்ற எண்ணை அனுப்பும், அவ்வளவுதான். 2011-ல் பயர்பாக்ஸில் வந்தது. 2012-ல் மைக்ரோசாப்ட் தன் உலாவியில் அதைத் தானாகவே போட்டுவிடப் போவதாக அறிவித்ததும், 'இது பயனர் விருப்பமே இல்லை' என்று விளம்பரக்காரர்கள் கைவிரித்தார்கள். 2019-ல் அதற்கான குழுவையே மூடிவிட்டார்கள்.

இத்தனைக்கும் நம் நாட்டில் 2007-லேயே டிராய், தொல்லை அழைப்புகளைத் தடுக்கப் பதிவேடு வைத்தது. 1909-க்கு ஒரு எஸ்எம்எஸ் போதும், மீறினால் அபராதம். தொல்லை ஒழிந்ததா என்று கேட்காதீர்கள் :) ஆனாலும் 'வேண்டாம்' என்ற சொல்லுக்குப் பின்னால் சட்டம் நின்றது. 2020-ல் வந்த 'ஜிபிசி' குறிக்கும் கலிபோர்னியாவில் அந்த பலம் கிடைத்தது. அதை மதிக்காததும் ஒரு காரணமாக, 2022-ல் செபோரா நிறுவனம் 12 லட்சம் டாலர் கட்டியது.

நம் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'சம்மத மேலாளர்' என்று ஒருவர் வருகிறார். நம் சார்பில் சம்மதம் கொடுக்கவும் திரும்பப் பெறவும் ஓர் இடம். நிகர மதிப்பு குறைந்தது 2 கோடி ரூபாய் உள்ள இந்திய கம்பெனிதான் அப்படிப் பதிய முடியும். எனக்குப் பிடித்தது 5-ஆம் பிரிவு: அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வாய்ப்பு தர வேண்டும். இதற்கு 2025 நவம்பரிலிருந்து 18 மாத அவகாசம் கொடுத்தார்கள்.

அம்மாவிடம் சொன்னேன். "தமிழ்ல இருந்தா வாசிச்சிருப்பேனே" என்றார்.

"எட்டு பக்கம் இருந்தா?"

யோசித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டார்.