கனிம எண்ணெய்

கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்து, மேலும் சுத்திகரித்தால் கிடைக்கும் நிறமும் மணமும் இல்லாத திரவம் கனிம எண்ணெய். மருந்துக் கடையில் இதன் பெயர் லிக்விட் பாரஃபின். பேபி ஆயிலிலும் தலைக்குத் தேய்க்கும் பல எண்ணெய்களிலும் இது உண்டு. மின்மாற்றியைக் குளிர்விப்பதும் தையல் மிஷினுக்கு விடுவதும் இதே குடும்பம்தான். தேங்காயெண்ணெய்போல நாள்பட்டுக் காறாது, விலையும் மலிவு. தொல்லையும் அந்த மலிவில்தான் தொடங்குகிறது; மிளகைப் பாருங்கள்.

சேர்வராயன் மலையில் ஏற்காட்டை அடுத்த நாகலூர்ப் பக்கம், காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்ததும் பறித்து, உதிர்த்து, வெயிலில் நாலைந்து நாள் காயப்போடுவார்கள். அப்படிக் காய்ந்த மிளகு தோல் சுருங்கி, மங்கிய கருப்பாக இருக்கும். மினுமினுக்காது. மினுக்கைக் கூட்டவும் பூஞ்சை பிடிக்காமல் இருக்கவும் வணிகத்தில் சிலர் கனிம எண்ணெய் பூசுவதுண்டு. உணவுச் சட்டப்படி அது கலப்படம். 2012 டிசம்பரில் கொச்சியில், என்.சி.டி.இ.எக்ஸ். முன்பேரச் சந்தைக்கான கிடங்குகளில் இருந்த 6,000 டன்னுக்கும் மேற்பட்ட மிளகு இந்தக் காரணத்துக்காகவே முடக்கப்பட்டது.

கனிம எண்ணெயால் கேடு உண்டா என்றால், எந்தத் தரம் என்று திருப்பிக் கேட்க வேண்டும். சரியாகச் சுத்திகரிக்காத வகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளில் நூற்பு இயந்திர எண்ணெய் உடம்பில் பட்டுப்பட்டு அங்கிருந்த தொழிலாளர்கள் தோல் புற்றுக்கு ஆளானார்கள். மருந்துத் தரத்தில் சுத்திகரித்ததைத் தோலில் தடவுவதில் பயமில்லை. அதையே மலமிளக்கியாக நெடுநாள் குடித்தால் ஏ, டி, இ, கே வைட்டமின்கள் உடலில் சேராமல் வீணாகும். புரையேறி நுரையீரலுக்குள் போனால் ஒருவகை நிமோனியா வரும். ஆகவே கைக்குழந்தை வாயில் இதை ஊற்றவே கூடாது.

மிளகில் பூசுகிறவர் மருந்துத் தரம் பார்த்தா வாங்கியிருப்பார்?

இந்தக் கலப்படத்தைக் கண்டுபிடிக்க வழி உண்டு. ஏற்காட்டுக் கடைகளில் விற்கும் யூகலிப்டஸ் தைலம் கனிம எண்ணெயிலிருந்து வேறு ரகம். அது இலையிலிருந்து வடிப்பது. ஒரு சொட்டைத் தாளில் விட்டால் சுத்தமான தைலம் பறந்துவிடும். கனிம எண்ணெய் கலந்திருந்தால் எண்ணெய்க் கறை நிற்கும்.

மிளகில் பூசிய மட்டமான எண்ணெயைக் கண்டுபிடிக்க மூக்கே போதும். அளவுக்கு மீறி மினுமினுத்தால் நாலு மணியை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பாருங்கள். மண்ணெண்ணெய் வாடை அடித்தால் வாங்காதீர்கள்.