அடைக்காய் திரும்பி வந்த கதை

போன வாரம் என் வீட்டு வரவேற்பறைப் படம் ஒன்றைப் போட்டிருந்தேன். "சார், ஓரத்தில் நிற்கும் அந்தச் செடி என்ன? எப்படி இவ்வளவு பச்சையாக வைத்திருக்கிறீர்கள்?" என்று நான்கைந்து பேர் கேட்டிருந்தீர்கள். வரலாறு நடத்தியவனிடம் செடியைப் பற்றிக் கேட்டால் வரலாறுதான் வரும். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். படத்தில் இருப்பது இரண்டாவது செடி. முதல் செடியை நானே கொன்றுவிட்டேன்.

பணி ஓய்வு நாளில் பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து ஓர் அரேகா பாம் வாங்கித் தந்தார்கள். அது நின்ற நீலநிறப் பீங்கான் ஜாடி நம் விருத்தாசலத்துச் சரக்கு. இங்கே செராமிக் வேலை பார்க்கும் ஒரு மாணவன் தன் கையால் கிளேஸ் பூசி, சூளையில் சுட்டு எடுத்தது. பள்ளியில் அவன் கடைசி பெஞ்சு. நான் அவனுக்கு வரலாற்றில் போட்ட மதிப்பெண்களை இங்கே எழுதினால் அவன் பிள்ளைகள் படித்துவிடுவார்கள். விட்டுவிடுகிறேன்.

தினமும் காலையில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினேன். மூன்றாம் மாதம் ஓலை மஞ்சளானது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இரண்டு செம்பாக்கினேன். ஐந்தாம் மாதம் குருத்தை லேசாகத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. அடியில் அழுகல் வாடை.

கேள்விப்பட்டு அவன் வீட்டுக்கு வந்தான். ஜாடியைச் சாய்த்தான். மண்ணுக்கு அடியிலிருந்து கறுப்புத் தண்ணீர் ஒழுகியது.

"சார், இது கிளேஸ் போட்ட ஜாடி. மண்சட்டி மாதிரி தண்ணிய உறிஞ்சாது, வெளிய விடவும் விடாது. அடியில ஓட்டையும் கிடையாது. செடிய பிளாஸ்டிக் தொட்டியோட உள்ள எறக்கி வைக்கணும். நாங்க சொல்லியிருக்கணும் சார், தப்பு எங்க மேலதான்."

தப்பு அவர்கள் மேல் இல்லை. அந்தச் செடி எங்கிருந்து வந்தது, அதற்கு என்ன வேண்டும் என்று ஒரு நாளும் கேட்காமல் ஊற்றிக்கொண்டே இருந்தவன் நான். அந்த வெட்கத்தில்தான் அதன் பூர்வீகத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

பெயரிலேயே முதல் ஆச்சரியம். "அரேகா" எந்த மொழிச் சொல் என்று நினைக்கிறீர்கள்? பாக்குக்குத் தமிழில் அடைக்காய் என்று பழைய பெயர் உண்டு. மலையாளத்தில் அடைக்கா, கன்னடத்தில் அடிகெ. மலபார்க் கரைக்கு வந்த போர்த்துக்கீசியர் இந்தச் சொல்லைக் காதில் வாங்கி, தங்கள் நாவுக்கு ஏற்றபடி அரேகா என்று ஆக்கிக்கொண்டார்கள். 1753-இல் லின்னேயஸ் நம் பாக்கு மரத்துக்கு "அரேகா கட்டேச்சு" என்று பெயர் வைத்தபோது அந்தச் சொல் தாவரவியலில் நிலைத்துவிட்டது.

ஆனால் நம் வரவேற்பறையில் நிற்பது பாக்கு அல்ல. அதன் தாயகம் ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே உள்ள மடகாஸ்கர் தீவு. ஜெர்மானியத் தாவரவியலாளர் வென்ட்லாண்ட் 1878-இல் அதற்குக் கிரிசாலிடோகார்பஸ் என்று பெயரிட்டார். பின்னால் டிப்சிஸ் என்றும் மாற்றினார்கள். அந்தப் பெயர்கள் யார் வாயில் நுழையும்? பாக்கு மரத்தின் சாயல் இருந்ததால் வியாபாரிகள் அரேகா என்றே விற்றார்கள். நம்மிடமிருந்து போன சொல், மடகாஸ்கர் செடி ஒன்றின் மேல் ஏறி நம் வாசலுக்கே திரும்பி வந்திருக்கிறது. நாமும் அதை அயலூர்க்காரர் பெயர் என்று நினைத்து வாங்கி வைக்கிறோம்.

சரி, பனைக் குடும்பத்துச் செடிகள் எப்போது வீட்டுக்குள் வந்தன? இங்கே லண்டனுக்குப் போக வேண்டும். அங்கே வார்டு என்று ஒரு மருத்துவர். பெரணிச் செடிகள் மேல் பிரியம். ஆனால் நகரத்து நிலக்கரிப் புகையில் அவர் வைத்ததெல்லாம் செத்துக்கொண்டே இருந்தன. 1829-இல் ஒரு பூச்சிக்கூட்டை ஈரமண்ணோடு கண்ணாடிப் புட்டியில் அடைத்து வைத்திருந்தார். அந்த மண்ணிலிருந்து ஒரு பெரணியும் ஒரு புல்லும் தானாக முளைத்தன. மூடிய கண்ணாடிக்குள் புகையும் போகவில்லை, ஈரமும் வெளியேறவில்லை. 1833-இல் அதே முறையில் கண்ணாடிப் பெட்டிகளில் செடிகளைச் சிட்னிக்குக் கப்பலில் அனுப்பினார். உயிரோடு போய்ச் சேர்ந்தன. அதற்குப் பிறகு உலகத்துச் செடிகளெல்லாம் கப்பல் ஏறின. சீனத்துத் தேயிலைக் கன்றுகள் இந்தியாவுக்கு வந்ததும் இந்தப் பெட்டிகளில்தான்.

1845-இல் பிரிட்டன் கண்ணாடி மீதான வரியை நீக்கியது. 1848-இல் கியூ தோட்டத்தில் இரும்பும் கண்ணாடியுமாகப் பனைகளுக்கென்றே ஒரு மாளிகை எழுந்தது. நடுத்தர வர்க்கத்து வீடுகளிலும் ஆளுக்கொரு பனைத்தொட்டி வைக்கும் ஆசை பரவியது. விளக்குப் புகை, மங்கிய வெளிச்சம் எல்லாவற்றையும் தாங்கியதால் ஆஸ்திரேலியாவை ஒட்டிய லார்டு ஹோவ் தீவின் கென்டியா பனைக்கு அங்கே பெரும் கிராக்கி.

அன்று புகையைத் தாங்குகிற செடியைத் தேடினார்கள். இன்று புகையை விரட்டும் என்று நம்பிச் செடி வாங்குகிறோம். 1989-இல் நாசாவுக்காக வால்வர்டன் செய்த ஆய்வில், மூடிய சிறு அறைக்குள் செடிகள் சில நச்சு வாயுக்களைக் குறைத்தன. 2009-இல் டெல்லியின் கமல் மீட்டில் ஓர் உலக மேடையில், ஆளுக்கு நான்கு தோள் உயர அரேகா வேண்டும் என்று பேசினார். செடிக்கடைகளில் அதற்குப் பிறகு இதே பேச்சுதான். ஆனால் 2019-இல் டிரெக்செல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளைத் திரட்டிக் கணக்குப் போட்டார்கள். சாதாரண வீட்டில் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடிகள் செய்ய, ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடி வேண்டுமாம். பத்துச் செடி வைத்தால் நாம் எங்கே உட்காருவது? ஜன்னலைத் திறந்து வையுங்கள். செடியைச் செடிக்காகவே வையுங்கள்.

இனி வளர்ப்பு. தொல்காப்பியர் வெளிப்புறம் வைரம் பாய்ந்தவற்றைப் புல் என்றும், உட்புறம் வைரம் பாய்ந்தவற்றை மரம் என்றும் பிரித்தார். அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் புல். இன்றைய தாவரவியலும் அவற்றைப் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரம் என்கிறது. இது இலக்கணத்தோடு நிற்கவில்லை, தொட்டி வரைக்கும் வருகிறது. பனைக்கு ஆணிவேர் நிலைக்காது, புல்லைப் போல நார்வேர்தான். அடிக்கடி தொட்டி மாற்றி வேரைக் கலைத்தால் தாங்காது. ஒவ்வொரு தண்டுக்கும் ஒரே குருத்து. அதைக் கிள்ளினால் பக்கத்தில் துளிர்க்காது, அந்தத் தண்டு போச்சு. தென்னை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மடகாஸ்கரின் கிழக்குக் கரையில் மழை அதிகம், ஆனால் தண்ணீர் தேங்காமல் வடிந்துவிடும். ஆகவே விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். உச்சி வெயில் ஆகாது, ஜன்னலோர வெளிச்சம் போதும். உப்புத் தண்ணீரில் ஓலை நுனி கருகும். நான் மழைநீரைக் குடத்தில் பிடித்து வைத்து ஊற்றுகிறேன். ஓலையில் படியும் தூசியை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

இவ்வளவு பரவிய செடி, தன் சொந்தக் காட்டில் அருகி வருகிறது என்பதையும் படித்தேன். உலகம் முழுக்கத் தொட்டியில் இருக்கிறது, பிறந்த மண்ணில் குறைந்துகொண்டே போகிறது.

இதையெல்லாம் அந்த மாணவனிடம் சொன்னேன். வகுப்பில் ஒரு கேள்விகூடக் கேட்காதவன், "அப்ப அரேகாங்கறது நம்ம பேரா சார்?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தான். இரண்டு வாரம் கழித்துப் புது ஜாடியோடும் கன்றோடும் வந்தான். "பச்ச மண்ணா இருக்கும்போதே அடியில மூணு ஓட்டை போட்டுட்டேன் சார். இனி நீங்க எவ்ளோ ஊத்துனாலும் வடிஞ்சிடும்" என்றான்.

வாத்தியாரின் கையைப் பற்றி அவனுக்குத் தெரிந்துவிட்டது. படத்தில் இருப்பது அந்த ஜாடிதான். இரண்டு வருடமாகிறது, போன மாதம்கூட ஒரு குருத்து விரிந்தது.

உங்கள் வீட்டிலும் பீங்கான் ஜாடியில் செடி இருந்தால், இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக எழுந்துபோய் அதன் அடியைப் பாருங்கள். ஓட்டை இருக்கிறதா இல்லையா என்று கீழே எழுதுங்கள்.