மருத்துவமனைத் தொற்றுத் தடுப்பு: பழனி மலையும் கொடைக்கானலும்

நோயைத் தீர்த்துக்கொள்ள வந்த இடத்திலேயே வேறொரு நோயைப் பெற்றுத் திரும்பும் அவலம் எவருக்கும் நேராதபடி, கை, காற்று, நீர், துணி, கருவி, கழிவு ஆகியவற்றின் வழியே கிருமிகள் ஒருவரை விட்டு மற்றொருவரை அடைவதைத் தடுக்க வைத்தியசாலைகள் கைக்கொள்ளும் முறைகளின் தொகுதிக்குத் தொற்றுத் தடுப்பு என்று பெயர். பழனி மலைத் தொடரில் இதன் சரித்திரம் ஒரு தனிப் போக்குடையது. பிற ஊர்களில் வைத்தியசாலை முதலில் எழுந்து, அதனுள் தொற்று பரவுவதைக் கண்ட பிறகே தடுப்பு முறைகள் தோன்றின. கொடைக்கானலிலோ நோய்க்கு அஞ்சி ஓடிவந்தவர்களால் முதலில் ஊரே தோன்றி, வைத்தியசாலை நெடுங்காலம் கழித்துத்தான் வந்தது.

யாழ்ப்பாணத்தில் நிலைபெற்றிருந்த அமெரிக்க மிஷன் 1834இல் மதுரையில் தன் கிளையைத் தொடங்கிய பத்தாண்டுக்குள், வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் மிஷனரிமாரும் அவர்தம் மனைவி மக்களும் ஒருவர் பின் ஒருவராக மாண்டனர். எஞ்சியோர் முதலில் புகலிடம் தேடிச் சென்றது திண்டுக்கல்லை அடுத்த சிறுமலைக்கு. அதன் உயரம் போதாமையால் காய்ச்சல் அங்கும் அவர்களைத் தொடர்ந்தது. பின்னர், 1821இல் லெப்டினன்ட் வார்டு என்ற நில அளவையாளர் ஏறிப் பார்த்திருந்த பழனி மலையின் உச்சிப் பகுதியை நாடி, 1845இல் சன்னிசைடு, ஷெல்ட்டன் என்ற இரண்டு வீடுகளைக் கட்டினர். கொடைக்கானல் என்ற ஊரின் ஆரம்பம் அதுவே.

தாழ்நிலத்தின் அழுகலிலிருந்து எழும் கெட்ட காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்பது அக்கால வைத்தியர்களின் அபிப்பிராயம். காரணம் பிழையாயினும் பலன் பிழைக்கவில்லை. மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்கிறது என்பதை ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் 1897இல் கண்டறிந்த பிறகு, ஏறத்தாழ 16 பாகைக்குக் கீழ்ப்பட்ட குளிரில் அக்கிருமி கொசுவினுள் முதிர்வதில்லை என்பதும், மலையுச்சியில் காய்ச்சல் இல்லாமைக்கு அதுவே காரணம் என்பதும் விளங்கின. ஆனால் இதைத் தடுப்பு என்பதைவிட விலகல் என்பதே பொருந்தும். துரைமாரை டோலியிலும் நாற்காலியிலும் வைத்துத் தூக்கிச் சென்ற கூலியாட்கள் காய்ச்சல் நிறைந்த அடிவாரத்துக்கே திரும்பிப் போயினர். உயரத்தின் நன்மை ஏறிப்போய்த் தங்க வசதியுள்ளவர்க்கு மட்டுமே கிட்டியது. அவ்விரண்டு வீடுகள் எழுந்து இரண்டாண்டு கழித்து, வியன்னா நகரப் பிரசவ விடுதியில் செம்மல்வைஸ் என்ற வைத்தியர், பிணப் பரிசோதனை செய்த கையைக் குளோரின் நீரில் கழுவாமல் கர்ப்பிணியைத் தொடலாகாது என்று விதித்துச் சூதிகா ஜ்வரம் எனப்படும் பிரசவக் காய்ச்சலின் மரணங்களை வெகுவாகக் குறைத்தார். விலகிப் போவதும் கழுவிக்கொள்வதும் ஆகிய இவ்விரண்டு வழிகளும் ஒரே காலத்தில் தொடங்கினவென்றாலும், மலை முதல் வழியையே நெடுநாள் நம்பியிருந்தது.

அந்நம்பிக்கையைக் கலைத்தவை பாதைகள். 1875இல் ரயில் அம்மையநாயக்கனூரை எட்டியது. 1914ஆம் ஆண்டளவில் வத்தலக்குண்டிலிருந்து மலைமேல் ஏறும் சாலை முடிவுற்றது. சமவெளியின் ஜனங்கள் மேலேறத் தொடங்கியபோது அவர்களுடைய நோய்களும் உடன் ஏறின. மலைக்கு வடபுறத்தே பழனியம்பதியில் தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் காவடியோடு திரளும் லட்சக்கணக்கான பக்தர்களைப் போன்ற கூட்டங்கள் வாந்திபேதிக்கு வாய்ப்பான களங்களாக இருந்தன. அந்நோயின் கிருமியை ராபர்ட் காக் 1884இல் கல்கத்தாக் குளத்து நீரிலும் கண்டு காட்டிய பின்னர், குடிநீரைக் காப்பதும் தடுப்பூசி போடுவதும் திருவிழா ஏற்பாடுகளில் சேர்ந்தன. 1939ஆம் வருஷத்து சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் தனி அத்தியாயமே வகுத்தது. மலைக்குத் தென்மேற்கே கம்பம் பள்ளத்தாக்கில் பிளேக் என்னும் கொள்ளைநோய் மீண்டும் மீண்டும் தலைகாட்டியதை ஜார்ஜ், வெப்ஸ்டர் என்ற இருவர் எலிகளையும் தெள்ளுப்பூச்சிகளையும் கணக்கெடுத்து ஆராய்ந்து 1934இல் வெளியிட்டனர்.

கொடைக்கானலின் வான் ஆலன் மருத்துவமனை, மதுரை அமெரிக்க மிஷன் மருத்துவமனையில் நெடுங்காலம் பணிபுரிந்த டாக்டர் பிராங்க் வான் ஆலனின் பெயரைத் தாங்கியது. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் ஓய்வுபெற்றுத் தங்கியதும், 1960 மே மாதத்தில் உயிர் நீத்ததும் இவ்வூரிலேயே. இவர்கள் தலைமுறையினர் பயிற்சி பெற்றது, ரணசிகிச்சையில் கிருமிநாசினியைப் புகுத்திய லிஸ்டருக்குப் பின் எழுந்த காலத்தில். கருவியைக் கொதிக்கவைப்பதும், துணியை நீராவியில் வேகவைப்பதும், ரணசிகிச்சைக்கு முன் கையைத் தேய்த்துக் கழுவுவதும் அவர்களுக்கு நித்திய கர்மமாக இருந்தன.

இங்கேதான் மலைக்கே உரிய ஒரு சிக்கல் எழுகிறது. தொற்றுத் தடுப்புக் கைநூல்கள் பெரும்பாலும் சமவெளியை மனத்தில் வைத்து எழுதப்பட்டவையாதலால், இதைச் சற்று விரித்துரைப்பது அவசியம். கொடைக்கானல் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அழுத்தம் குறைவாதலால் நீர் 93 பாகை அளவிலேயே கொதித்துவிடும். மதுரையிலிருந்து புதிதாகக் குடிவந்த இல்லத்தரசி எவ்வளவு விறகு வைத்தும் பருப்பு வேகவில்லையே என்று அலுத்துக்கொள்வது இதனால்தான். தாழ்நிலத்துக் கொதிநீருக்கே அசையாத ஏப்பு (டெட்டனஸ்) நோய்க் கிருமியின் வித்துகள் மலையூர்க் கொதிநீருக்கு இன்னும் அசையா. ஆகவே அழுத்தத்தில் நீராவியை அடைக்கும் ஆட்டோகிளேவ் இன்றியமையாதது. ஆனால் அதிலும் ஒரு கண்ணி உண்டு. சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம், 121 பாகை வெப்பம், 15 நிமிஷ நேரம் என்பது பாடப்புத்தக விதி. மானி காட்டும் 15 பவுண்டு என்பது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேற்பட்ட மிகுதி மட்டுமே. மலையில் வெளிக்காற்றே இளைத்திருப்பதால், முள் 15இல் நின்றாலும் உள்ளே வெப்பம் 117 பாகையைத் தாண்டாது. நான்கு பாகைதானே என்று அலட்சியம் செய்வதற்கில்லை. அக்குறைவால் வித்துகள் மடிய ஏறத்தாழ இரண்டரை மடங்கு நேரம் வேண்டும். ஆயிரம் அடிக்கு அரைப் பவுண்டு வீதம் கூட்டி, கொடைக்கானலில் முள்ளை 18½ பவுண்டில் நிறுத்துவதே சரியான முறை. வெப்பத்தைத் தானே அளந்து இயங்கும் புதிய இயந்திரங்களில் இத்தொல்லை இல்லை; அடுப்பின் மேல் ஏற்றும் பழைய பாத்திர வகையைக் கையாளும் சிறு கிளினிக்குகளிலும் பல் வைத்தியரிடத்திலும் இது இன்றும் கவனிக்கத்தக்கது. மேகம் இறங்கி நிற்கும் ஐப்பசி கார்த்திகையில், வெந்தெடுத்த துணிப் பொதி உலராமல் ஈரமாகவே இருந்துவிடுவதும் உண்டு; ஈரத்துணியின் வழியே கிருமி உள்ளே ஊறிவிடுமாதலால் அத்தகைய பொதியைத் திரும்ப வேகவைப்பதே முறை.

கண்ணாடி ஊசிக்குழல்களைக் கொதிக்கவைத்துத் திரும்பத் திரும்ப உபயோகித்த காலத்தில் அவசரமும் எரிபொருள் சிக்கனமும் என்ன விளைக்கும் என்பதற்கு, இதே வகையைச் சேர்ந்த மிஷன் வைத்தியசாலை ஒன்று ஆப்பிரிக்காவில் கொடிய சாட்சியாயிற்று. அந்நாளில் ஜயர் எனப்பட்ட காங்கோ நாட்டின் யாம்புக்கு என்ற சிற்றூரில், நாளொன்றுக்கு ஐந்தே ஊசிகளை எடுத்து, நோயாளிக்கு நோயாளி வெந்நீரில் அலம்பி உபயோகித்து வந்தனர்; 1976இல் அவ்வூசிகளின் வழியே எபோலா பரவி, நோயுற்ற 318 பேரில் 280 பேர் இறந்தனர்; மருத்துவமனைப் பணியாளர் 17 பேரில் 11 பேர் மாண்டு, கதவடைக்க நேர்ந்தது. மலையின் வடக்கு அடிவாரத்தே ஒட்டன்சத்திரத்தில் டாக்டர் ஏ. கே. தரியனும் டாக்டர் ஜேக்கப் செரியனும் 1955இல் தொடங்கிய கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனை போன்ற கிராமத்து ஸ்தாபனங்கள் யாவும் அன்று ஏறக்குறைய அதே வறுமைக்குள்தான் இயங்கின என்பதை நினைத்தால், நல்ல தாதியரின் பிடிவாதம் எத்தனை உயிரைக் காத்திருக்கும் என்பது புலப்படும்.

காசநோயின் விஷயத்தில் மலைக்காற்று மீண்டும் புகழ்பெற்றது. சுவிட்சர்லாந்தின் டாவோஸ் மலையூரை முன்மாதிரியாகக் கொண்டு, 1915இல் மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரத்திலும், 1928இல் தாம்பரத்திலும் சானடோரியங்கள் எழுந்தன. நோயாளியை வீட்டாரிடமிருந்து பிரித்து வைத்தாலன்றித் தொற்று நில்லாது என்பதே அவற்றின் ஆதாரக் கொள்கை. அக்கொள்கையைச் சோதித்தது சென்னை. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தில், வாலஸ் பாக்ஸ் தலைமையில், 193 நோயாளிகளுள் ஒரு பாதியினர் நெரிசலான தம் வீடுகளிலும் மறுபாதியினர் சானடோரியத்திலும் ஒரே மருந்தை ஓராண்டு உட்கொண்டனர். 1959இல் முடிவு வெளியானபோது, வீட்டிலிருந்தோரின் குடும்பத்தாருக்கு மற்றவரின் குடும்பத்தாரைவிட அதிகமாக நோய் காணவில்லை. தொற்று பெரும்பாலும் நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது என்பதும், மருந்து தொடங்கியபின் விரைவில் தணிகிறது என்பதும் தெளிவாயின. மலையேறி விலகுதல் என்ற பழைய தத்துவத்துக்கு இதைவிடப் பலமான மறுப்பு வேறு கிடையாது. தமிழ்நாட்டிலிருந்து உலக வைத்தியத்துக்குச் சென்ற கொடைகளுள் இதை முதல் வரிசையில் வைப்பது தகும்.

சிறுமலை அடிவாரத்தில் 1947இல் டாக்டர் சௌந்திரம் அம்மையார் நிறுவிய காந்திகிராமத்தின் கஸ்தூர்பா மருத்துவமனை, தொற்றுத் தடுப்பைப் பிரசவ அறைக்குக் கொண்டுசென்ற ஸ்தாபனங்களுள் ஒன்று. கிராமத்து மருத்துவச்சி கையில் அகப்பட்ட அரிவாளாலோ பழைய பிளேடாலோ தொப்புள்கொடியை அறுத்த நாளில், பிறந்த ஏழெட்டு நாளில் தாடை இறுகிக் குழந்தை இறப்பதைச் ‘செவ்வாப்பு’ என்றும் தெய்வக் குற்றம் என்றும் சொல்லித் தேற்றிக்கொண்டனர். சுத்தமான கை, சுத்தமான இடம், புதிய பிளேடு, சுத்தமான நூல், மருந்தெதுவும் அப்பாத கொடி என்ற ஐந்தையும், தாய்க்கு ஏப்புத் தடுப்பூசியையும் நாடெங்கும் வலியுறுத்தியதன் பயனாக, 2015இல் இந்தியா தாய்க்கும் சிசுவுக்கும் வரும் இந்த ஏப்பு நோயை ஒழித்த நாடாக அங்கீகாரம் பெற்றது.

வைத்தியசாலைக் கருவிகளைப் பற்றிச் சொல்லும்போது கொடைக்கானலின் ஒரு துயர அத்தியாயத்தை விடுவதற்கில்லை. நோயாளியின் வாயில் வைக்கும் பாதரச வெப்பமானியைக் கொதிநீரில் இட்டால் வெடித்துவிடுமாதலால், ஸ்பிரிட்டிலோ கிருமிநாசினியிலோ ஊறவைப்பதே வழக்கம். அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டு 1980கள் முதல் இவ்வூரில் இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலை, பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய இரும்புக் கடையில் கிடந்தது வெளிப்பட்டதும் 2001இல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர் 591 பேருக்கும் நிறுவனத்துக்கும் இடையே 2016இல்தான் உடன்பாடு ஏற்பட்டது. நோயை அளக்கும் கருவியே நோய்க்கு ஏதுவாயிற்று.

1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்த பிறகு, எவருடைய இரத்தமும் தொற்றுடையதாக இருக்கலாம் என்று கொண்டு எல்லோரிடத்தும் ஒரே விதமான எச்சரிக்கையைக் கைக்கொள்ளும் முறை பரவிற்று. ஆயினும் 2018 டிசம்பரில் சாத்தூரில் கர்ப்பிணி ஒருவருக்கு எச்.ஐ.வி. கலந்த இரத்தம் ஏற்றப்பட்ட செய்தி, விதி ஏட்டிலிருந்தால் போதாது என்பதைக் காட்டியது. இதற்கு மறுபக்கமாக, 1976இல் மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைக் குறிப்பிடலாம்: ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட கண்புரைச் சிகிச்சைகளை ஆராய்ந்ததில், கண்ணுக்குள் மருந்து செலுத்தும் முறையால் உட்கண் சீழ்த்தொற்று நூற்றுக்கு 0.07இலிருந்து 0.02 ஆகக் குறைந்ததை அதன் வைத்தியர்கள் எடுத்துக்காட்டினர்.

மேற்கு ஆப்பிரிக்காவில் 2014 முதல் 2016 வரை எபோலாவால் 11,000 பேருக்கு மேல் இறந்து, 800க்கும் மேற்பட்ட மருத்துவப் பணியாளர்க்கு நோய் தொற்றியபின், உலகச் சுகாதார நிறுவனம் 2016இல் தொற்றுத் தடுப்பின் அடிப்படைக் கூறுகளை வகுத்தது. இந்தியாவின் தேசிய வழிகாட்டி 2020 ஜனவரியில் வெளிவந்தது. இத்தகைய வழிகாட்டிகள் வலியுறுத்தும், கைக்குத் தேய்க்கும் சாராயத் திரவம், மார்கழிக் குளிரில் குழாய்த் தண்ணீரைத் தொடவே தயங்கும் மலையூர்த் தாதிக்குச் சமவெளித் தாதியைவிட அதிக உபகாரமானது. அவ்வாண்டின் கொரோனாக் காலத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கு மலைப்பாதை அடைக்கப்பட்டு, பிறகு இ-பாஸ் முறையில் திறக்கப்பட்டது. பாதையை அடைத்ததால் கிடைத்தது கால அவகாசம் மட்டுமே.

இன்றைய பெருங்குறை கழிவைப் பற்றியது. 2016ஆம் ஆண்டு விதிகளின்படி மருத்துவக் கழிவைத் தூய்மைப்படுத்தாமல் 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கலாகாது. 75 கிலோமீட்டருக்குள் பொது நிலையம் இருந்தால் அங்கேதான் அனுப்ப வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்து மலைப்பாதை அடைபடும் ஊரில் இவ்விரண்டு விதிகளும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். அந்த நாட்களுக்கென மாற்று ஏற்பாட்டை வகுப்பதோடு, மலைப் பகுதி வைத்தியசாலைகளுக்கெனத் தமிழில் தனிக் கைநூல் ஒன்றையும் சுகாதாரத் துறையினர் வெளியிட வேண்டும். அதன் முதற் பக்கத்தில் கொடைக்கானல், பண்ணைக்காடு, தாண்டிக்குடி முதலிய ஊர்களின் உயரமும், அவ்வுயரத்துக்கு ஆட்டோகிளேவ் மானியின் முள் நிற்க வேண்டிய எண்ணும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும்.