ஜமாபந்தி முடியட்டும், அப்புறம் லீவு பார்க்கலாம்

தாலுகா ஆபீசில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் இந்த வாக்கியத்தை மறந்திருக்க மாட்டார்கள். நான் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலுமாக வருவாய்த் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன். மே மாதம் லீவு லெட்டரை நீட்டினால் எந்தத் தாசில்தாராக இருந்தாலும் இதுதான் பதில்.

மே பிறந்தால் முன்சீப் கோர்ட்டும் சப் கோர்ட்டும் கோடை விடுமுறை விட்டுவிடும். பள்ளிக்கூடமும் மூடியிருக்கும். எதிர் வீட்டு வாத்தியார் குடும்பத்தோடு மாமியார் ஊருக்குக் கிளம்பிவிடுவார். எங்கள் ஆபீசில் மட்டும் அக்னி நட்சத்திரத்தில்தான் வேலை உச்சத்துக்கு ஏறும். ஏன் இப்படி என்று அப்போது யோசிக்க நேரமில்லை. இப்போது நேரம்தான் நிறைய இருக்கிறதே.

காரணம் பசலி. பசல் என்றால் அறுவடை. முகலாயர் காலத்துக் கணக்கு அது. பசலி ஆண்டு ஜூலை 1ல் பிறந்து ஜூன் 30ல் முடியும். ஆங்கில வருஷத்தில் 590ஐக் கழித்தால் அந்த ஜூலையில் பிறக்கும் பசலி வந்துவிடும். 1993 ஜூலையில் பிறந்தது பசலி 1403. ஜமீன் இருந்த இடத்தில் ஜமீன்தார் மொத்தத் தொகையைக் கட்டினால் போதும். நம் பக்கம் ரயத்துவாரி. ஒவ்வொரு பட்டாதாரருக்கும் சர்க்காரோடு நேர்க் கணக்கு. சர் தாமஸ் மன்றோ 1820 முதல் 1827 வரை சென்னை கவர்னராக இருந்த காலத்தில் இங்கே அது நிலைபெற்றது. அந்தக் கணக்கை வருஷத்துக்கு ஒருமுறை கிராமம் கிராமமாகத் தணிக்கை செய்து தீர்ப்பதுதான் ஜமாபந்தி. இப்போது வருவாய்த் தீர்வாயம் என்கிறார்கள்.

சம்பா அறுவடை தை, மாசியில் முடியும். மல்லாட்டை பிடுங்கி, கிஸ்தி வசூலும் ஓய்ந்த பிறகு, அடுத்த பசலி பிறப்பதற்குள் கணக்கை முடித்தாக வேண்டும். நடுவில் மிஞ்சுவது சித்திரையும் வைகாசியும்தான். ஆக, எங்கள் கோடை லீவைப் பறித்தது எந்தத் தாசில்தாரும் இல்லை, விளைச்சல்தான். இது புரிய எனக்கு ரிட்டயர்மெண்ட் வரை ஆயிற்று.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கணக்கைக் கேட்ட வெள்ளைக்காரச் சர்க்காரே கோடையில் சென்னையில் இருக்காது. கவர்னரும் மேலதிகாரிகளும் ஃபைல் கட்டுகளோடு ஊட்டிக்கு ஏறிவிடுவார்கள். 1899ல் மலை ரயில் குன்னூர் வரை வந்தது, 1908ல் ஊட்டியைத் தொட்டது. பயணம் இன்னும் சுகமாயிற்று. கீழே தென்னாற்காட்டுத் தாலுகாக்களில் குமாஸ்தாக்கள் வியர்வை சொட்ட அடங்கலும் சிட்டாவும் ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விதிகளைச் சொன்னால் சிரிப்பு வரும். 1922ல் நடைமுறைக்கு வந்த அடிப்படை விதிகளில் 67வது விதி, விடுப்பை உரிமையாகக் கேட்க முடியாது என்கிறது. வேலை இருந்தால் மறுக்கலாம், கொடுத்ததை ரத்தும் செய்யலாம். கோடை விடுமுறை உள்ள துறைக்காரர்களுக்கு ஈட்டிய விடுப்பு குறைவு. எங்களுக்கு வருஷத்துக்கு 30 நாள், அதோடு தற்செயல் விடுப்பு 12 நாள். காகிதத்தில் நாங்கள் பணக்காரர்கள்.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்தது. பரம்பரையாகக் கணக்குக் கட்டை வைத்திருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 1982ல் சுப்ரீம் கோர்ட் அரசு பக்கம் தீர்ப்பளித்தது. நடுவே 1981 மே மாதம் வந்ததே, அந்த ஜமாபந்தியை என்னால் மறக்க முடியாது. எந்த நோட்டு எந்தக் கட்டில் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் வீட்டில் இருந்தார்கள். நாங்கள் ராத்திரி பத்து மணி வரை கட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தோம். லீவு என்ற சொல்லையே அந்த மாதம் யாரும் எடுக்கவில்லை.

ஒரே ஒரு டெபுடி தாசில்தார் மட்டும் வேறு மாதிரி. மாசி மாதமே ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "யாருக்கு எந்தத் தேதியில என்ன விசேஷம், இப்பவே சொல்லிடுங்கப்பா" என்பார். ஜமாபந்தி பிர்க்கா பிர்க்காவாகத்தானே நடக்கும். ஒலக்கூர் பக்கத்துக் கிராமங்களுக்கு ஒரு நாள், மயிலம் பக்கத்துக்கு ஒரு நாள். எந்த நாளில் எந்த சீட்டுக்கு வேலை குறைவு என்று பார்த்து, அந்த ஆளை அன்றைக்கு விடுவார். கல்யாணத்துக்கு இரண்டு நாள், காது குத்தலுக்கு ஒரு நாள். நில அளவைச் சங்கிலி சரிபார்க்கும் நாளும், கடைசி நாள் குடிகள் மாநாடும் மட்டும் யாருக்கும் கிடையாது. அவர் இருந்த இரண்டு வருஷமும் ஆபீசில் முணுமுணுப்பே இல்லை, வேலையும் கெடவில்லை. மாற்றலாகிப் போனார், நோட்டும் போயிற்று. பிறகு வந்தவர் எல்லா லெட்டரையும் டிராயரில் போட்டு மூடினார். என் தங்கை கல்யாணம் செஞ்சியில் நடந்தது அந்த வருஷம். முதல் பஸ்ஸில் போய்த் தாலி கட்டியதைப் பார்த்துவிட்டு, சாப்பிடாமல் திரும்பி, மத்தியானம் மனுப் பதிவேடு எழுதினேன். தங்கை இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

வீட்டில் இன்னொரு குறை. எனக்கு லீவு கிடைக்கிற சமயம் பள்ளிக்கூடம் திறந்திருக்கும். "பிள்ளைங்களுக்கு லீவு வுட்டா அப்பாவுக்கு ஜமாபந்தி, அப்பாவுக்கு லீவு வுட்டா பிள்ளைங்களுக்குப் பரீட்சை" என்பாள் என் மனைவி. எடுக்காத லீவில் கொஞ்சத்தைச் சரண்டர் செய்து ஸ்கூல் ஃபீஸ் கட்டினோம் என்பதும் உண்மை. அந்தச் சரண்டரையும் 2020ல் கொரோனாவைக் காட்டி நிறுத்தினார்கள். 2025 அக்டோபரில்தான் மறுபடி வந்தது.

ஓய்வு பெற்றபோது என் கணக்கில் 240 நாள் நிரம்பியிருந்தது. அதற்குமேல் சேர்க்க விதியில் இடமில்லை. எல்லாம் பணமாக வந்தது. அதில் கொஞ்சம் எடுத்து, மனைவியோடு ஊட்டிக்குப் போனேன், மே மாதத்திலேயே. பிள்ளைகளையும் கூப்பிட்டோம். இரண்டு பேருக்கும் அவரவர் ஆபீசில் லீவு கிடைக்கவில்லை. தாவரவியல் பூங்காவை ஒட்டி, கவர்னர்கள் கோடைக்கு வந்து தங்கிய மாளிகை இருக்கிறது. வெளியே நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டு வந்தோம்.