வேற்று மண்ணின் வேர்



சில ஆண்டுகளுக்கு முன்னர், ஏப்ரல் திங்களில், நண்பர்கள் மூவருடன் பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியில் விடுமுறையைக் கழிக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. போன் என்னும் பழைய நகரில் தங்கி, நாள்தோறும் திராட்சைத் தோட்டங்களின் ஊடே நடந்து திரிந்தோம். நான் மது அருந்தும் பழக்கம் இல்லாதவன். எனினும் அந்நிலத்தின் வரலாறு என் உள்ளத்தைக் கவர்ந்தது. அங்கு ஒரு கொடியின் அடியில் கண்ட சிறு வடுவைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

அப்போது இளவேனிற் காலம். கரிய கட்டைகள் போல் நின்ற கொடிகளில் இளந்தளிர்கள் அரும்பத் தொடங்கியிருந்தன. காணக் கண்கோடி வேண்டும் காட்சிதான். ஆயினும் அங்குள்ள உழவர்களுக்கு அதுவே அச்சம் மிகுந்த காலமுமாகும். ஓர் இரவு கடும் பனி உறைந்தால் தளிர்கள் கருகிவிடும். ஆகையால் குளிர் மிக்க இரவுகளில் கொடி வரிசைகளுக்கு இடையே பெரிய மெழுகு விளக்குகளை ஏற்றி வைத்துக் காவல் காக்கின்றனர்.

ஒருநாள் வூஜோ என்னும் ஊரிலுள்ள புகழ்பெற்ற தோட்டத்தைக் காணச் சென்றோம். சித்தோ மடத்துத் துறவிகள் பன்னிரண்டாம் நூற்றாண்டில் உருவாக்கத் தொடங்கிய தோட்டம் அது. அவர்கள் எழுப்பிய கல்மதில் ஏறத்தாழ 125 ஏக்கர் நிலத்தை இன்றும் சூழ்ந்து நிற்கிறது. பிரெஞ்சுக்காரரான எங்கள் நண்பர் பெருமிதம் பொங்க, “எண்ணூறு ஆண்டுகளாக இதே மண், இதே கொடி!” என்றார். அருகில் வேலை செய்துகொண்டிருந்த முதியவர் ஒருவர் புன்னகை புரிந்தார். அவர் குனிந்து ஒரு கொடியின் அடிமண்ணை விலக்கி, கணுப்போலப் புடைத்திருந்த வடுவைச் சுட்டிக்காட்டினார். “இதற்கு மேலே இருப்பது பர்கண்டி, ஐயா, இதற்குக் கீழே இருப்பது அமெரிக்கா” என்றார். நண்பர் வாயடைத்து நின்றார்.

அந்த வடுவின் கதை 1860-களில் தொடங்குகிறது. பிரான்சின் தென்பகுதியில், ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில், காரணம் புலப்படாமல் திராட்சைக் கொடிகள் வாடி மடிந்தன. பட்டுப்போன கொடிகளைத் தோண்டிப் பார்த்தவர்கள் எதையும் காணவில்லை. 1868-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மாண்ட்பெலியே நகரத் தாவரவியல் அறிஞர் பிளான்ஷோனும் அவருடைய தோழர்களும் இன்னும் உயிரோடிருந்த கொடிகளின் வேர்களை ஆராய்ந்தனர். கண்ணுக்கு எளிதில் தென்படாத சிறிய மஞ்சள் நிறப் பூச்சிகள் அவ்வேர்களில் மொய்த்திருந்தன! வேர் செத்ததும் அவை அடுத்த கொடிக்குச் சென்றுவிடும். கொலை நடந்த இடத்தில் கொலையாளி அகப்படாததன் மர்மம் இதுவே. அப்பூச்சிக்குப் பிலாக்சரா என்று பெயர்.

அதன் தாயகம் வட அமெரிக்கா. பாய்மரக் கப்பல்களின் நீண்ட பயணத்தில் பிழைக்க இயலாத அந்தப் பூச்சி, நீராவிக் கப்பல்கள் வந்து பயணம் குறுகிய பின்னர், அமெரிக்கக் கொடிகளோடு உயிருடன் வந்து இறங்கியது என்று அறிஞர் கருதுகின்றனர். 1875-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 840 கோடி லிட்டராக இருந்த பிரான்சின் மது விளைவு, 1889-ஆம் ஆண்டில் 230 கோடி லிட்டர் அளவுக்கு வீழ்ந்தது. எத்தனை குடும்பங்களின் வாழ்வு அதனோடு வீழ்ந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்! தக்க மருந்து காண்பவருக்கு 3,00,000 பிராங்கு பரிசளிப்பதாக அரசாங்கம் 1874-ஆம் ஆண்டில் அறிவித்தது. அப்பரிசு எவருக்கும் வழங்கப்படவேயில்லை.

மருந்து கிட்டவில்லை, மாற்று வழி கிட்டியது. அமெரிக்கக் கொடிகளின் வேர்கள் நெடுங்காலமாக அப்பூச்சியோடு பழகி, அதன் கடியைத் தாங்கும் ஆற்றல் பெற்றிருந்தன. ஆயின் அவற்றின் கனியிலோ பிரெஞ்சு மக்கள் விரும்பாத வேற்று மணம் வீசியது. ஆகவே அமெரிக்க வேரின்மீது பிரெஞ்சுக் கிளையை ஒட்டவைக்கும் முறையைச் சிலர் பரிந்துரைத்தனர். நோயைத் தந்த நாட்டிடமே மருந்தையும் பெறுவதா என்று பலர் கொதித்தனர். கார்பன் டைசல்பைடு என்னும் நச்சு நீர்மத்தை மண்ணில் செலுத்தியே கொடிகளைக் காப்போம் என்பது அவர்கள் வாதம். அது பெருஞ்செலவுடையது, ஆண்டுதோறும் செய்ய வேண்டியது. செல்வருக்கு அது கைகூடும். சிறு உழவன் என் செய்வான்?

பர்கண்டியின் மெர்சோ என்னும் ஊரில் 1878-ஆம் ஆண்டில் பூச்சி கண்டறியப்பட்டது. ஆயினும் அமெரிக்கக் கொடிகளுக்கு அப்பகுதியில் இருந்த தடை 1887-ஆம் ஆண்டில்தான் நீங்கியது. பெருமை ஒருபுறம், பிழைப்பு ஒருபுறம் என்று அவர்கள் ஊசலாடிய ஆண்டுகள் அவை. பின்னர்ப் பெரும்பாலோர் ஒட்டுக்கொடிக்கு மாறினர். ரொமானே-கோந்தி என்னும் உயர்புகழ்த் தோட்டம் மட்டும் தன் பழைய வேர்களை மருந்திட்டு நெடுங்காலம் காத்துவந்தது. இரண்டாம் உலகப்போரில் மருந்துக்கும் ஆளுக்கும் பஞ்சம் வரவே, 1945-ஆம் ஆண்டின் அறுவடைக்குப் பிறகு அக்கொடிகளும் பெயர்த்தெடுக்கப்பட்டன. 1947-ஆம் ஆண்டில் ஒட்டுக்கொடிகளே அங்கும் நடப்பட்டன.

பிலாக்சரா இன்றும் அழிந்துவிடவில்லை. அது மண்ணில் இருக்கிறது. கொடிதான் அதனோடு வாழும் வகையைப் பெற்றிருக்கிறது.

மாலையில் திரும்பும்போது நண்பர் நெடுநேரம் பேசாமல் நடந்தார். பின்னர், “பாட்டனார் இதை எங்களுக்குச் சொல்லவேயில்லை” என்றார். அவருடைய பாட்டனாரின் முன்னோரும் கொடி வளர்த்தவர்களாம். தம் நாட்டின் பெருமை குறைந்துவிட்டதாக முதலில் அவர் வருந்தினார் போலும். நான் சொன்னேன்: “மண் உங்களுடையது, கிளை உங்களுடையது, இரண்டையும் இணைத்துக் காத்த உழைப்பும் உங்கள் முன்னோருடையதே. வேரை மட்டும் பிறரிடம் பெற்றீர்கள். அதில் தாழ்வு என்ன?”

அவர் சாலையோரத்துக் கொடி ஒன்றின் அருகே குனிந்து, அந்த வடுவைக் கையால் தடவிப் பார்த்தார். அதற்கு மேலே, பனியில் தப்பிய தளிர் ஒன்று மாலை வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது.